சுழலும் நீரின் நிலைமத் திருப்புத்திறனை ஜாடியில் அளப்பது எப்படி

நிலைமத் திருப்புத்திறன் என்பது ஒரு பொருள் தன் சுழற்சி வேகம் மாறுவதற்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு. பதினோராம் வகுப்பு இயற்பியலில் அந்தப் பாடத்தில் வளையம், தட்டு, உருளை, கோளம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் தரப்படுகிறது. பொருள் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அந்த மதிப்பு மாறுவதில்லை, ஏனெனில் திண்பொருளின் துகள்கள் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தனவோ அதே தொலைவில்தான் சுழலும்போதும் இருக்கின்றன. நீருக்கு இது பொருந்தாது. திறந்த பாத்திரத்தில் சுழலும் நீர் நடுவை விட்டு விளிம்பை நோக்கி ஒதுங்குகிறது. நிறை அச்சிலிருந்து விலகுவதால் நிலைமத் திருப்புத்திறன் கூடுகிறது. அது கூடுவதால் மேற்கொண்டு வேகப்படுத்துவது கடினமாகிறது. எனவே நீரைப் பொறுத்தவரை நிலைமத் திருப்புத்திறன் என்பது ஒரே எண்ணாக எழுதி வைக்கக்கூடிய மாறிலி அன்று, வேகத்தோடு சேர்ந்து வளரும் அளவு. இதைக் கண்ணால் பார்த்து, ஸ்கேலால் அளந்து, கடைசியில் நேரத்தைக் கொண்டு உறுதிசெய்யத் தேவையான பொருட்கள் யாவும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று காவிரி டெல்டாவின் எந்த ஊரிலும் கிடைப்பவையே.

முதலில் வாளி

செலவில்லாத ஒரு சோதனையோடு தொடங்குவது நல்லது. ஒரு வாளியில் முக்கால் அளவு நீர் நிரப்பி, உறுதியான மரக்கிளையிலோ உத்தரத்திலோ கயிற்றால் தொங்கவிட்டு, வாளியைப் பலமுறை திருகிக் கயிறு நன்றாக முறுக்கேறியதும் விடவும். தொடக்கத்தில் வாளி மட்டும் சுழலும், நீர்ப்பரப்பு சமதளமாகவே இருக்கும். சற்று நேரத்தில் நீரும் சுழலத் தொடங்கி நடுவில் குழியும். அப்போது வாளியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் நீர் சுழன்றுகொண்டும் குழிந்தும் இருக்கும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட வாளிச் சோதனை இதுதான். நம் நோக்கத்துக்கு இதில் ஒரே பாடம் போதும்: பாத்திரம் சுழல்வது வேறு, நீர் சுழல்வது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் அளவெடுத்தால் கிடைக்கும் எண்கள் எதற்கும் உதவா.

பச்சை முட்டையையும் வேகவைத்த முட்டையையும் சுழற்றிக் காட்டும் பழக்கமான சோதனையையும் இதே காரணத்தால் இங்கே சேர்க்கக் கூடாது. பச்சை முட்டை மந்தமாகச் சுழல்வதற்குக் காரணம் உள்ளிருக்கும் திரவம் ஓட்டோடு உடனே சேர்ந்து சுழலாமை. அங்கே நிறை இடம் மாறவில்லை. பல கண்காட்சிகளில் இவ்விரண்டையும் ஒன்றாகவே விளக்குகிறார்கள். மாணவர்கள் குழம்புவது அங்கேதான்.

ஜாடியும் சக்கரமும்

நேரான சுவருள்ள, ஒளி ஊடுருவும் வட்ட ஜாடி ஒன்று வேண்டும். பேக்கரியில் முறுக்கும் மிக்சரும் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் ஜாடி பொருத்தமானது. கழுத்து குறுகியிருந்தால் அப்பகுதியை அறுத்து நீக்கிவிடலாம். உள் ஆரம் 10 செ.மீ., உயரம் 20 செ.மீ. என்று வைத்தே கீழே உள்ள கணக்குகள் தரப்பட்டுள்ளன. உங்கள் ஜாடியின் ஆரம் வேறாக இருந்தால், குழிவு ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதை நினைவில் கொண்டு திருத்திக்கொள்ளவும். கண்ணாடி ஜாடி வேண்டாம்.

சுழற்றுவதற்கு மண்பாண்டம் வனையும் சக்கரத்தைவிடச் சிறந்த கருவி இல்லை. அது கனமானது, அதிராதது, வேகத்தை நிதானமாகக் கூட்டவும் குறைக்கவும் இடம் தருவது. மின் மோட்டார் பொருத்திய சக்கரமாக இருந்தால் மோட்டார் இருக்கும் பகுதியைப் பாலித்தீன் விரிப்பால் மூடிவிட்டுத்தான் நீரை அருகே கொண்டுவர வேண்டும். சக்கரத்தின் மேல் ரசமட்டத்தை இரண்டு திசைகளில் வைத்துப் பார்த்து, சாய்வு இருந்தால் அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்யவும். ஜாடியை நடுவில் வைத்து மெல்லச் சுழற்றி, அசையாத ஒரு பென்சிலைச் சுவருக்கு மிக அருகில் பிடித்தால், ஜாடி எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பது பென்சிலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து விரிந்து குறுகுவதில் தெரியும். அந்தச் சந்து சுற்று முழுவதும் ஒரே அளவாகும் வரை நகர்த்தி, பிறகு களிமண்ணால் அடியைச் சுற்றி ஒட்டிவிடவும். இதில் பொறுமை காட்டினால் பின்னால் வரும் எல்லாமே எளிதாகும்.

ஜாடியின் வெளிச்சுவரில் ஒரு தாள் ஸ்கேலைச் செங்குத்தாக ஒட்டவும். நீரை 4 செ.மீ. உயரத்துக்கு ஊற்றவும், சுமார் ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். சிட்டிகை மஞ்சள்தூளோ உணவு நிறமோ கலந்தால் பரப்பு தெளிவாகத் தெரியும்.

அளவெடுத்தல்

சக்கரத்தை நிமிடத்துக்கு 60 சுற்று என்ற வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகத்தை அறியக் கைப்பேசியில் மெதுவியக்கக் காணொளி எடுத்தால் போதும்: விநாடிக்கு 240 படம் பதியும் கேமராவில், ஜாடியில் ஒட்டிய குறி ஒரு சுற்று வர 240 படங்கள் எடுத்தால் 60 சுற்று, 160 எடுத்தால் 90 சுற்று, 120 எடுத்தால் 120 சுற்று.

இப்போது காத்திருக்க வேண்டும். நீரின் பாகுநிலை (அடுத்தடுத்த நீர்ப்படலங்கள் ஒன்றையொன்று இழுக்கும் உள் உராய்வு) மட்டுமே சுழற்சியை அடியிலிருந்து மேல்வரை பரப்ப வேண்டியிருந்தால் இந்த 4 செ.மீ. நீருக்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். நடப்பது வேறு. அடித்தளத்தை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் தளத்தோடு சேர்ந்து முதலில் சுழன்று வெளிப்பக்கம் ஓடுகிறது. அந்த இடத்தை நிரப்ப நடுவிலிருந்து நீர் கீழே இறங்குகிறது. இந்தச் சுற்றோட்டம் முழு நீரையும் அரை நிமிடத்துக்குள்ளாகவே பெருமளவு சுழற்சிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஐயமே இல்லை. ஆற்று மணலில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தால் இந்த ஓட்டம் கண்ணுக்கே தெரியும்: வேகம் கூடும்போது மணல் வெளிநோக்கி நகரும், சக்கரத்தை நிறுத்தியதும் ஓட்டம் திசை திரும்பி, மணல் நடுவில் வந்து குவியும். கலக்கிய தேநீர்க் கோப்பையின் நடுவில் தேயிலை சேர்வதையும் ஆற்று வளைவுகள் உருவாவதையும் இதே அடித்தள ஓட்டத்தைக் கொண்டு ஐன்ஸ்டீன் 1926இல் ஒருசேர விளக்கினார். அரசலாற்றிலோ குடமுருட்டியிலோ ஒரு வளைவில் நின்று, மணல் உட்கரையில் படிந்திருப்பதையும் வெளிக்கரை அறுபட்டிருப்பதையும் பார்த்தவர்களுக்கு இந்தச் சிட்டிகை மணல் புதிதாகத் தோன்றாது.

எடுக்க வேண்டிய அளவுகள் இரண்டு. சுவரில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஸ்கேலில் நேராகப் படிக்கலாம். காணொளியிலிருந்து ஒரு படத்தை நிறுத்திப் படிப்பது இன்னும் வசதி. நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைச் சுவர் வழியாகப் பார்த்துப் படிக்கக் கூடாது, ஏனெனில் வளைந்த சுவரும் நீரும் சேர்ந்து உருவத்தை மாற்றிக் காட்டும். அதற்கு ஒரு தென்னை ஈர்க்கு போதும். ஜாடிக்கு மேலே, அதைத் தொடாமல் வெளியிலிருந்து நிறுத்திய குறுக்குச் சட்டத்தில் ஈர்க்கைச் செங்குத்தாகச் செருகி, அச்சுக்கு நேராக மெல்ல இறக்குங்கள். ஈர்க்கின் நுனி கீழே இறங்கும்போது நீரில் தெரியும் அதன் உருவம் மேலே ஏறி வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈர்க்கில் குறியிட்டுக்கொள்ளவும். அச்சில் நீரின் வேகம் ஏறக்குறைய சுழி என்பதால் நுனி தொட்டாலும் பரப்பு கலையாது. ஓய்வுநிலை நீருக்கும் இதே முறையில் ஒரு குறி முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

சுவரில் ஏறிய அளவும் நடுவில் இறங்கிய அளவும் சமமாக இருக்க வேண்டும். நீர்ப்பரப்பு பெறும் கிண்ணம் போன்ற பரவளையக் குழியின் கன அளவு, அதைச் சூழ்ந்த உருளையின் கன அளவில் சரிபாதி என்பதால் விளையும் சமம் இது. சுவரில் ஏற்றம் அதிகமாகவும் நடுவில் இறக்கம் குறைவாகவும் இருந்தால் நடுப்பகுதி நீர் இன்னும் முழுமையாகச் சுழலவில்லை என்று பொருள், மேலும் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தைவிட இந்தச் சமத்தை நம்புவதே என் வழக்கம்.

கணக்கு

சுழலும் நீர்ப்பரப்பின் சாய்வு எந்த இடத்திலும், அங்கு தேவைப்படும் மையநோக்கு முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வரும் அளவுக்குச் சமம். மையநோக்கு முடுக்கம் அச்சிலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் கூடுவதால் சாய்வும் அவ்வாறே கூடும். அப்படிச் சாய்வு கூடும் வளைகோடுதான் பரவளையம். விளிம்புக்கும் நடுவுக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் குழிவு என்று அழைப்போம். கோணத் திசைவேகத்தின் (விநாடிக்கு எத்தனை ரேடியன் சுழல்கிறது என்பதன்) வர்க்கத்தை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் குழிவு கிடைக்கும். பாடநூலில் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எழுதுகிறோம். தஞ்சாவூர் இருக்கும் அகலாங்கில் அது 9.78 மீட்டர்/விநாடி² அளவில் உள்ளது.

60 சுற்றில் கோணத் திசைவேகம் விநாடிக்கு 6.28 ரேடியன், குழிவு 2 செ.மீ. 90 சுற்றில் 4.5 செ.மீ.; 120 சுற்றில் 8 செ.மீ.யைச் சற்றே தாண்டும். உங்கள் அளவீடு இவற்றிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் முதலில் ஆரத்தை மறுபடி அளந்து பாருங்கள். ஆரம் வர்க்கமாக வருவதால் அதில் நேரும் சிறு பிழை இருமடங்காகும்.

நிலைமத் திருப்புத்திறனுக்கு வருவோம். நீரை அச்சைச் சுற்றிய மெல்லிய உருளை ஓடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஓட்டின் நிறையையும் அதன் ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கித் தொகையிட வேண்டும். சமதளமாக இருக்கும் நீர் திண்ம உருளையைப் போலவே அமைவதால், நிறையையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் போதும். நம் ஜாடியில் அது சுமார் 0.0063 கிலோகிராம் மீட்டர்². குழிந்த பரப்புக்குத் தொகையிட்டால் வரும் விடை மிக எளிமையானது: குழிவை ஓய்வு உயரத்தின் ஆறு மடங்கால் வகுத்து 1 உடன் கூட்டினால், நிலைமத் திருப்புத்திறன் எத்தனை மடங்காகியிருக்கிறது என்பது கிடைத்துவிடும். தொகைநுண்கணிதம் தெரிந்த மாணவர்கள் இதைத் தாங்களே வருவித்துப் பார்க்க வேண்டும், அரைப்பக்கத்தில் முடிந்துவிடும்.

4 செ.மீ. நீருக்கு இந்த மதிப்பு 60 சுற்றில் 1.08, 90 சுற்றில் 1.19. குழிவு ஓய்வு உயரத்தின் இருமடங்காகும் கணத்தில் நடுவில் ஜாடியின் அடி தெரியத் தொடங்கும். அப்போது மதிப்பு சரியாக 4/3. நம் ஜாடியில் இது 120 சுற்றுக்குச் சற்று முன்பே நிகழும். மஞ்சள் நீருக்கு நடுவில் காசளவுக்கு அடித்தளம் வெளிறித் தெரிவதும், வேகத்தை இம்மியளவு குறைத்ததும் நீர் அதை மூடிக்கொள்வதும் பார்க்கத் தெவிட்டாதவை.

இந்தக் கணக்கில் திரவத்தின் அடர்த்தி எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்லெண்ணெயோ பாதரசமோ, ஒரே வேகத்தில் ஒரே குழிவைத்தான் பெறும். நைனிடால் அருகே தேவஸ்தலத்தில் 2022இல் முதன்முதலாக வானத்தைப் படம்பிடித்த திரவக் கண்ணாடித் தொலைநோக்கி, 4 மீட்டர் அகலத் தட்டில் பாதரசத்தை எட்டு விநாடிக்கு ஒரு சுற்று என்ற நிதானத்தில் சுழற்றி, அந்தப் பரவளையத்தையே ஆடியாகப் பயன்படுத்துகிறது. பாதரசம் நச்சுப்பொருள் என்பதால் அதைப் பள்ளியில் முயலவே கூடாது.

கூடியது எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். 90 சுற்றில் நிலைமத் திருப்புத்திறன் 19 சதவீதம் கூடியிருக்கிறது. அப்படியானால் வேகத்தை மேலும் கொஞ்சம் கூட்டத் தேவையான திருப்பு விசையும் (சுழலவைக்கும் விசையின் திருப்பும் திறனும்) 19 சதவீதம்தான் கூடுமா? கூடாது, ஏறத்தாழ 57 சதவீதம் கூடும். திருப்பு விசை என்பது நிலைமத் திருப்புத்திறனையும் கோண முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள், ஏனெனில் அந்தச் சூத்திரம் நிலைமத் திருப்புத்திறன் (இனிச் சுருக்கமாக நிலைமம்) மாறாத பொருளுக்கு மட்டுமே உரியது. எப்போதும் பொருந்தும் விதி, திருப்பு விசை, கோண உந்தம் (நிலைமத்தைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கி வருவது) மாறும் வீதத்துக்குச் சமம் என்பதே. நீரின் வேகம் சிறிது கூடும்போது வேகமும் கூடுகிறது, நிலைமமும் கூடுகிறது. நிலைமத்தின் கூடுதல் பகுதி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதை வேகத்தால் பெருக்கிய கோண உந்தத்தின் கூடுதல் பகுதி வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. மும்மடியின் மாறுவீதத்தில் மூன்று என்ற காரணி வந்துவிடுகிறது. ஆகவே எதிர்ப்பின் கூடுதல், நிலைமத்தின் கூடுதலைப் போல மும்மடங்கு. அடி தெரியும் கணத்தில் நிலைமம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கும், ஆனால் அந்த நீரை மேலும் வேகப்படுத்தத் தேவையான திருப்பு விசை தொடக்கத்தில் இருந்ததைப் போல இருமடங்காகியிருக்கும்.

அந்தக் கூடுதல் வேலை எங்கே போகிறது என்பதையும் கணக்கிடலாம். மூன்றில் இரண்டு பங்கு இயக்க ஆற்றலாகவும், மீதி ஒரு பங்கு நீரைச் சுவரில் ஏற்றிய நிலை ஆற்றலாகவும் சேர்கிறது.

நேரத்தால் உறுதிசெய்தல்

குழிவை அளந்து நிலைமத்தைக் கணக்கிடுவது மறைமுக வழி. நேராக உணர விரும்பினால் வனையும் சக்கரம் உதவாது, ஏனெனில் அதன் சொந்த நிலைமம் நீருடையதை முழுவதும் மறைத்துவிடும். இலேசான ஒட்டுப்பலகை வட்டம் ஒன்றை நல்ல பேரிங்கில் பொருத்தி, அதன் அடியில் 4 செ.மீ. விட்டமுள்ள சிறு உருளையைச் சேர்த்துத் தரும்படி ஒரு லேத் பட்டறையில் கேட்டால் செய்து தருவார்கள். உருளையில் நூலைச் சுற்றி, மேசை விளிம்பில் உள்ள கப்பி வழியாக 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால் மாறாத திருப்பு விசை கிடைக்கும்.

நீர் ஜாடியோடு உடனுக்குடன் சுழல வேண்டும் என்பதற்காக, இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளைக் கூட்டல் குறிபோல் கோத்து, ஜாடியின் முழு உயரத்துக்கும் தடுப்பாக நிறுத்தவும். தடுப்புகள் நீரைச் சுற்றுத்திசையில் மட்டுமே தள்ளுவதால் நான்கு அறைகளிலும் பரப்பு அதே பரவளையத்தின் பகுதியாகவே அமையும். அடுத்து, அறைகளின் வடிவில் நான்கு கால்வட்டத் தகடுகளை வெட்டிக்கொள்ளவும். முதல் ஓட்டத்தில் இவற்றை நீர்ப்பரப்பைத் தொட்டபடி சிலிக்கான் பசையால் கசிவின்றி ஒட்டிவிட்டால், நீர் ஏற வழியின்றித் திண்ம உருளையைப் போலவே சுழலும். இரண்டாம் ஓட்டத்தில் அதே தகடுகளை நீர் எட்டாத உயரத்தில் ஒட்டவும். தகடுகள் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அச்சைப் பொறுத்து அவற்றின் நிலைமம் ஒன்றே. ஆகவே இரண்டு ஓட்டங்களுக்கும் உள்ள ஒரே வேறுபாடு நீர் ஒதுங்க முடிகிறதா இல்லையா என்பது மட்டுமே. இந்த ஒப்பீடு இல்லாமல் செய்யும் எந்தச் சோதனையையும் நான் ஏற்க மாட்டேன்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் எடையை விட்ட கணத்திலிருந்து 90 சுற்று வேகத்தை எட்டும் வரை ஆகும் நேரத்தைக் காணொளியில் படங்களை எண்ணி அறியவும். பேரிங்கின் உராய்வைக் கழிக்க, தட்டை முடுக்காமல் சீராகச் சுழலவைக்கும் சிறு எடை எது என்று முன்பே கண்டுபிடித்து, அதை 100 கிராமிலிருந்து குறைத்துக் கணக்கிட வேண்டும். பலகை, ஜாடி, தடுப்புகள் ஆகியவற்றின் மொத்த நிலைமம் நீருடையதற்கு ஏறக்குறைய சமமாக இருந்தால், உராய்வு இல்லை என்ற கணக்கில் மூடிய ஓட்டத்துக்கு 6 விநாடி அளவிலும் திறந்த ஓட்டத்துக்கு அதைவிட அரை விநாடிக்குச் சற்று அதிகமாகவும் ஆக வேண்டும். நீர் இல்லாமலும் ஒருமுறை ஓடவிட்டால் ஜாடி முதலியவற்றின் பங்கு தனியே கிடைக்கும். அதைக் கழித்தால் நீரின் கோண உந்தம் மட்டும் நிற்கும். அது 19 சதவீதம் கூடியிருக்கிறதா என்று பார்க்கவும்.

அடி தெரிந்த பிறகு

வனையும் சக்கரத்தில் 120 சுற்றைத் தாண்டும்போது முந்தைய விதி செல்லாது, ஏனெனில் நடுவில் நீரே இல்லாத வட்டம் ஒன்று உருவாகிவிடுகிறது. இங்கும் எளிய விதி உண்டு: ஜாடி ஆரத்தின் வர்க்கத்தை இருமடங்காக்கி, உலர்ந்த வட்டத்தின் ஆரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, மூன்றால் வகுத்து, நீரின் நிறையால் பெருக்கவும். உலர்ந்த வட்டத்தின் ஆரம் 5 செ.மீ. ஆகும்போது நிலைமம் ஓய்வுநிலையைப் போல ஒன்றரை மடங்காகும். அதற்கு 160 சுற்று அளவில் வேகம் வேண்டும், நீர் சுவரில் 10.7 செ.மீ. வரை ஏறியிருக்கும். எவ்வளவு வேகப்படுத்தினாலும் இந்த மடங்கு இரண்டைத் தாண்டாது, ஏனெனில் நீர் முழுவதும் சுவரோடு ஒட்டி மெல்லிய வளையமாகிவிட்டால் அதற்கு மேல் விலக இடமில்லை. அந்த எல்லையை நெருங்க மிக உயரமான சுவர் தேவைப்படும், 20 செ.மீ. ஜாடியில் 160 சுற்றோடு நிறுத்திக்கொள்ளவும். அந்த வேகத்தில் சுழலும்போது மாணவர்கள் ஓரடி தள்ளி நிற்கட்டும், வேகத்தைக் குறைப்பதும் கூட்டியதைப் போலவே நிதானமாக நடக்கட்டும். சட்டென்று நிறுத்தினால் நீர் சுவரைத் தாண்டித் தெறிக்கும்.